கொம்பில்லாத மேடு

புருஷோத்தமனுக்கு நான் தரவேண்டியிருந்தது பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். அதில் பதினைந்தாயிரம் என் மகள் யுவராணியின் நர்சிங் காலேஜ் ஃபீஸ். மூவாயிரம், மழை பிடித்து உப்பளத்தில் வேலை நின்ற பிறகு அரிசிக்காக வாங்கியது. அறுநூற்று நாற்பது, அவரே கடையிலிருந்து எடுத்துக் கொடுத்த மண்வெட்டிக்கும் இரண்டு பக்கெட்டுக்கும். கடனை அடைக்கத்தான் அந்த மண்வெட்டி. அதுவும் கடன்.

அடமானம் வைக்க என்னிடம் நகை கிடையாது. யுவராணியின் பிளஸ் டூ மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் வாங்கி வைத்துக்கொண்டார். அவளும் பாண்டிச்சேரிக் காலேஜில் இத்தனை நாள் ஜெராக்ஸைக் காட்டி ஓட்டினாள். டிசம்பர் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஜனவரி பத்தாம் தேதிக்குள் அசல் சான்றிதழ்கள் வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்களாம். படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு நாள் தூங்கியிருப்பேன்.

புருஷோத்தமன் புழு வியாபாரி. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எங்கள் மரக்காணம் பக்கத்தில் ஈ.சி.ஆர். ஓரமாக இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரிகள் இருக்கின்றன. அங்கே தாய் இறாலுக்கு உயிருள்ள சேற்றுப்புழுவைத் தீனியாகப் போடுவார்கள். முகத்துவாரத்துச் சேற்றைத் தோண்டி அந்தப் புழுவை எடுப்பவர்கள் நானும் மேரிசெல்வியும் எங்களைப் போன்ற இன்னும் பத்துப் பெண்களும். வெயில் மாதங்களில் உப்பளத்துக் கூலி, மழை மாதங்களில் புழு. எங்களுக்குக் கிலோவுக்கு ஆயிரம் ரூபாய். நல்ல நாளில் ஒருத்தி இரண்டு கிலோ எடுப்பாள். கடனைப் புழுவாகவே கழித்துக்கொள்வதாகத்தான் பேச்சு.

கார்த்திகையில் புயல் அடித்தது. ஒரே ராத்திரியில் முகத்துவாரம் இடம் மாறிவிட்டது. கடல் வாய் தெற்கே தள்ளித் திறந்துகொண்டது. நாங்கள் வருஷக்கணக்காகத் தோண்டிய சேற்று மேடுகளின்மேல் இடுப்பளவு மணல். தண்ணீர் வடியும் நேரம் பார்த்து இறங்கினால் கால் வைக்கிற இடமெல்லாம் அந்நியமாக இருந்தது. மார்கழி பிறந்ததிலிருந்து தோண்டினேன். ஒரு டம்ளர் புழுகூடக் கிடைக்கவில்லை.

ஜனவரி மூன்றாம் தேதி புருஷோத்தமனின் ஷெட்டுக்குப் போனேன்.

"இன்னா கொளஞ்சி, உன் புழுவெல்லாம் எங்க போச்சு? புயலுக்குப் பயந்துகினு பாண்டிச்சேரி பஸ் ஏறிடுச்சா?"

"பேப்பரை மட்டும் குடுங்கண்ணா. காலேஜ்ல காட்டிட்டு மறுநாளே கொண்ணாந்து வெச்சிடறேன்."

"காட்டறதா? அவங்க வாங்கி பீரோல வெச்சிப்பாங்கம்மா. அப்புறம் என் கையில இன்னா இருக்கும், உன் பக்கெட்டா?"

நான் நகராமல் நின்றேன். அவர் குரலை இறக்கினார்.

"நான் மட்டும் ஜாலியா இருக்கேன்னு நெனைக்காத. ரெண்டு ஹேச்சரிக்கு வாக்கு குடுத்துட்டு நிக்கிறேன். போனை எடுக்கவே பயமா இருக்குது. ஒம்போதாந்தேதி சாயந்திரத்துக்குள்ள கணக்கை நேர் பண்ணு. பேப்பர் உன்னுது."

ஒன்பதாம் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. பதினெட்டரைக் கிலோவுக்கு மேல் வேண்டும். திரும்பி வரும்போது எனக்குக் கீதாஞ்சலி மேடத்தின் ஞாபகம் வந்தது.

கீதாஞ்சலி, சென்னையிலிருந்து வந்து ஆராய்ச்சி செய்கிற பெண். போன சித்திரையில் பன்னிரண்டு நாள் அவளுக்கு வேலை செய்தேன். அரையடிக் குழாயைச் சேற்றில் இறக்கி, வந்த சேற்றைப் பையில் கட்டிக் கொடுக்கவேண்டும். அவள் அதைச் சல்லடையில் அலசி, என்ன என்ன உயிர் இருக்கிறது என்று எண்ணுவாள். எதற்கு என்று கேட்டேன்.

"அக்கா, முகத்துவாரத்துல தரை ஒரே மாதிரி இருக்காது. மேடு, மடு, ஓடை, மணல் திட்டுன்னு தனித்தனி உருவம். எந்த உருவத்துல எந்த உயிர் இருக்குன்னு ஒரு தடவை எண்ணிட்டா போதும். அப்புறம் சாட்டிலைட் படத்துல தரையோட உருவத்தைப் பார்த்தே இங்க புழு, இங்க மட்டி, இங்க ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லிடலாம்."

"இதுக்கு எதுக்கு மேடம் ஆகாசத்துக்குப் போவணும்? என் கால் சொல்லுமே."

"உங்க காலை ஊர் ஊரா அனுப்ப முடியாதே."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

எட்டு நாள் ஓடைகளிலும் மணல் திட்டுகளிலும் எடுத்தோம். பை மேல் அவளே எழுதினாள். அதன் பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மீதி நான்கு நாள் நானும் மேரிசெல்வியும் மட்டும் போனோம். சேற்று மேடுகளும் அவற்றின் அடியில் இருக்கும் மடுக்களும்தான் பாக்கி. மடு என்றால் தண்ணீர் வடிந்த பிறகும் தேங்கி நிற்கிற பள்ளம். மேட்டுக்கும் மடுவுக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இருக்காது. அந்தப் பத்தடியைப் போனில் இடம் காட்டுகிற ஜி.பி.எஸ். பிரித்துக் காட்டாது, அதனால் மேடா மடுவா என்று பை மேல் மறக்காமல் எழுதச் சொன்னாள் கீதாஞ்சலி. மேரிசெல்வி ஒவ்வொரு பையையும் எடுத்த இடத்திலேயே வைத்து போட்டோ பிடித்தாள். நான் மார்க்கரால் எழுதினேன்.

நான் எழுத்துப் படித்தது முப்பத்தொன்பது வயதில், பஞ்சநாதன் சார் நடத்திய சாயங்கால வகுப்பில். உப்பில் வெடித்த விரலால் பென்சில் பிடிப்பேன். அதற்குப் பிறகு ரேஷன் கடையில் கையெழுத்துப் போட்டதைத் தவிர யாரும் என்னை எழுதச் சொன்னதில்லை. அந்த நான்கு நாளும் அறுபத்து நான்கு பை எழுதினேன். கூலியைவிட அது பெரிதாக இருந்தது எனக்கு.

கீதாஞ்சலி இப்போது புயலுக்குப் பிறகு என்ன ஆனது என்று பார்க்கத் திரும்பி வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். நான் போய் நின்றதும் மடித்த பெரிய தாள் ஒன்றைக் கொடுத்தாள். புயலுக்குப் பிறகு எடுத்த சாட்டிலைட் படத்தை வைத்துப் போட்ட வரைபடம். புழு அதிகம் இருக்கிற இடம் சிவப்பு, குறைவு மஞ்சள், இல்லாத இடம் சாம்பல். ஓரத்தில் எங்களுக்காகவே தமிழில் அச்சடித்திருந்தாள். சிவப்புக் கட்டத்துக்கு நேரே 'மடு' என்று இருந்தது. மறுபடி படித்தேன். மடுதான்.

மேரிசெல்வியிடம் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"மடுவுலயா? நம்ம என்னிக்குனா மடுவுல புழு எடுத்திருக்கோமாடி?"

"புயலுக்கு அப்புறம் எல்லாம் மாறிப்போச்சு. மேட்ல தோண்டுனியே, ஒண்ணுனா கெடைச்சுதா? இங்க பாரு, எழுதியே போட்டிருக்குது."

"எழுதிட்டா புழு வந்து படுத்துக்குமா?"

"படிக்கத் தெரியாதவ பேசாத."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கூட வந்தாள்.

நான்கு, ஐந்து, ஆறு. மூன்று நாள். வரைபடத்தில் சிவப்பாக இருந்த ஒவ்வொரு மடுவிலும் இறங்கினோம். மார்கழித் தண்ணீர் தொடையைக் கடித்தது. மண்வெட்டிக்கு எட்டாத ஆழத்தில் குனிந்து கையால் அள்ளினோம். வந்தது கறுப்புச் சேறு. அழுகின முட்டை நாற்றம். உயிருள்ள சேறு விரலுக்கு நடுவில் ஓட்டை ஓட்டையாக உடையும், இது பிசின் மாதிரி இழுத்தது. என் கை முதல் நாளே சொல்லிவிட்டது, இங்கே ஒன்றும் இல்லை என்று. நான் கையை நம்பவில்லை, தாளை நம்பினேன். இந்த மடு இல்லாவிட்டால் அடுத்தது. அதுவும் இல்லாவிட்டால் அதற்கடுத்தது. மூன்றாம் நாள் மேரிசெல்வி ஆளிச் சிப்பி ஓட்டில் கால் கிழித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் உள்ளே நின்று அள்ளினேன். பக்கெட்டில் ஏழெட்டுப் புழு கிடந்தது. அதையும் தண்ணீரிலேயே கொட்டிவிட்டேன்.

"எம்மா, கிளர்க் இன்னிக்கும் கேட்டாரு" என்று யுவராணி போனில் சொன்னாள். "பத்தாந்தேதி சாயந்திரம் லிஸ்ட் போயிடுமாம். நான் வேணா வந்துடட்டுமா? ஹேச்சரியில பாக்கிங் வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாமே." அவள் அழவில்லை. அழுதிருந்தால் திட்டியிருப்பேன். வேலைக்கு ஆள் எடுப்பதைக்கூட விசாரித்து வைத்திருக்கிறாள் என்பதுதான் என்னை உடைத்தது.

சேற்றுக் காலோடு கீதாஞ்சலியின் ரூமுக்குப் போனேன்.

"உங்க படம் பொய் மேடம்" என்றேன். "மூணு நாளு. என் பொண்ணு படிப்பே போச்சு. மடுவுல ஒண்ணும் இல்ல. எந்த மடுவுலயும் இல்ல."

அவள் பயந்துபோனாள். என்னை உட்காரச் சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். "நானா எதுவும் சேர்க்கல அக்கா. நீங்க எடுத்த பைங்கதான். நீங்க எழுதினதுதான். பாருங்க."

ஒவ்வொரு போட்டோவாகத் தள்ளினாள். பை நாற்பத்தொன்று, மடு. நாற்பத்திரண்டு, மடு. என் கையெழுத்து, கோணல்மாணலாக. நாற்பத்துநான்கு, மடு. அந்தப் படத்தில் நிறுத்தச் சொன்னேன்.

பைக்கு அடியில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. வெடிப்பின் மேலே கொக்கு நடந்த தடம். மடுவில் சேறு எப்படிக் காயும்? கொக்கு எப்படி நடக்கும்? அது மேடு. அந்த மேட்டில் ஏறும்போது என் செருப்பு அறுந்ததுகூட ஞாபகம் இருந்தது. பிறகு எழுத்தைப் பார்த்தேன். ம. டு. ம-வுக்கு முன்னால் கொம்பு இல்லை.

அடுத்ததைத் தள்ளச் சொன்னேன். கொம்பு இல்லை. அடுத்தது. அதிலும் இல்லை. மேடு என்று நான் எழுதிய முப்பத்திரண்டு பையிலும் கொம்பு இல்லை.

பஞ்சநாதன் சார் தலையில் அடித்துக்கொள்வார். "கொளஞ்சியம்மா, வாய்க்கு ம முதல்ல. கைக்குக் கொம்பு முதல்ல." எனக்கு அது கடைசி வரை ஒட்டவே இல்லை. மேடு என்று சொல்லிக்கொண்டே எழுதுவேன். வாயில் ம வந்ததும் கை ம போட்டுவிடும். ம போட்ட பிறகு கொம்புக்கு இடமே இருக்காது. சரி, அப்புறம் போடலாம் என்று அடுத்த எழுத்துக்குப் போய்விடுவேன். வகுப்பில் அதைச் சிவப்பு மையால் சார் சேர்த்துவிடுவார். முகத்துவாரத்தில் சார் இல்லை.

சொல்லாமலே எழுந்து வந்திருக்கலாம். படத்தின் மேல் பழி போட்டாகிவிட்டது, அப்படியே விட்டிருக்கலாம். ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன்.

"மேடம், நான் தப்பா எழுதிட்டேன்" என்றேன். "மேட்டுக்கெல்லாம் கொம்பு வுட்டுட்டேன்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த நாலு நாள் நீங்க மேட்டுப் பக்கமே போகலைன்னு நெனைச்சேன்" என்றாள் மெதுவாக. "மடுவுல மட்டும் எடுத்தீங்கன்னு... மடுவுல இவ்வளவு புழுவான்னு எங்க சார்கூடக் கேட்டாரு. புதுசா கண்டுபிடிச்சிருக்கோம்னு சொன்னேன் அக்கா. ரிப்போர்ட்டே அனுப்பிட்டேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு போன் பண்ணி உங்களைக் கேட்டிருக்கணும். கேக்கல."

யாரை யார் திட்டுவது?

"அப்போ புழு மேட்லதான்" என்றேன். "ஆனா மேடெல்லாம் மணல் மூடிப்போச்சே."

"பழைய மேடு" என்றாள். சட்டென்று நிமிர்ந்து வரைபடத்தை விரித்தாள். கடல் வாயை ஒட்டிப் புயல் போட்ட புது மணல் திட்டு வெள்ளையாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால், மேற்கே, நகம் அளவுக்கு ஒரு சாம்பல் நிறம். "இது போன வருஷப் படத்துல சின்னப் புள்ளியா இருந்தது. இப்போ வளர்ந்திருக்கு. முன்னாடி திட்டு இருக்கறதால அலை வராது. தண்ணி வேகம் குறையற இடத்துலதான் சேறு படியும். சேறு படியற இடத்துலதான் அதுங்களுக்குத் தீனி. மேடுன்னு கம்ப்யூட்டர் சரியாத்தான் சொல்லியிருக்கு. மேட்ல ஒரு பைகூட எடுத்ததா நம்ம சொல்லிக்குடுக்காததால சாம்பல் அடிச்சிருக்கு."

நம்ம என்றாள். அதை நான் மறக்கமாட்டேன்.

கரையிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியாது. மணல் திட்டு மறைத்துவிடும். கழுத்தளவு ஓடை ஒன்றைத் தாண்டினால்தான் போகமுடியும். ஏழாம் தேதி காலை தண்ணீர் வடிய ஆரம்பித்ததும் நானும் மேரிசெல்வியும் பக்கெட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதைப் பிடித்துக்கொண்டே மிதந்து தாண்டினோம். அவள் காலில் துணிக் கட்டு.

"இங்கயும் இல்லன்னா உன்ன இங்கயே பொதைச்சிட்டுப் போயிடுவேன்" என்றாள்.

முதல் வெட்டில் சேறு ஓட்டை ஓட்டையாக உடைந்தது. ஒவ்வொரு ஓட்டையிலும் சிவப்பாக நெளிந்தது. மேரிசெல்வி சிலுவை போட்டுக்கொண்டாள். நான் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. மூன்று நாள் வீணாகப் போயிருந்தது, மூன்று நாள்தான் மிச்சம் இருந்தது.

தண்ணீர் வடிந்து மறுபடி ஏறும் வரை நான்கு மணி நேரம் கிடைக்கும். ஏறிய தண்ணீரிலும் மார்பு முட்டும் வரை நின்று தோண்டினோம். புழு அறுந்தால் எடை நிற்காது, செத்தால் விலை இல்லை. விரலால் சேற்றைப் பிரித்துப் பிரித்து எடுக்கவேண்டும். மேரிசெல்வி தன் பங்கையும் என் பக்கெட்டிலேயே போட்டாள். "நீ அப்புறமா என் கணக்குக்குத் தோண்டு, ஓடியா போயிடுவ?" என்றாள்.

ஏழாம் தேதி நான்கு கிலோ எண்ணூறு. எட்டாம் தேதி ஐந்து அறுநூறு. ஒன்பதாம் தேதி ஐந்து நானூறு. ஒவ்வொரு சாயந்திரமும் புருஷோத்தமன் தராசில் வைத்துவிட்டு, தண்ணீர் எடை என்று கிலோவுக்கு நூறு கிராம் தள்ளினார். ஒவ்வொரு சாயந்திரமும் கேட்டார்:

"எங்கம்மா எடுக்கறீங்க?"

"உங்க மாமியார் வூட்டுக் கொல்லையில" என்பாள் மேரிசெல்வி.

ஒன்பதாம் தேதி கணக்கைக் கூட்டினார். பதினாலாயிரத்து இருநூற்று இருபது வரவு. பாக்கி நான்காயிரத்து நானூற்று இருபது. வெளியே தண்ணீர் ஏறிவிட்டது. பொழுதும் சாய்ந்துவிட்டது. மறுநாள் தோண்டினால் பாண்டிச்சேரிக்குப் போகமுடியாது.

"தண்ணி எடையைத் தள்ளாதீங்கண்ணா."

"தள்ளலன்னாலும் பதினெட்டு வராதும்மா."

உண்மைதான். நான் அவர் மேஜைக்கு முன்னால் நின்றேன். என்னிடம் இருந்ததெல்லாம் போட்டாகிவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"மீதியைத் தள்ளிடுங்க. இடத்தைச் சொல்றேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணில் ஹேச்சரிக்காரர்களின் போன் மணி அடிப்பது தெரிந்தது. நான் மேரிசெல்வியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஆள் இறக்கினால் ஒரு பௌர்ணமிக்குள் அந்த மேட்டை வழித்துவிடுவார். பத்துப் பெண்களின் மழைக்காலச் சோறு அது. அவளுக்கும் தெரியும்.

"என்னிய இன்னாத்துக்குப் பாக்கற?" என்றாள் அவள். "நாளைக்கு அங்க கூலிக்குத் தோண்டப் போறதும் நம்மதான். சொல்லித் தொலை. புள்ளையோட காயிதத்த வாங்கு."

"வாயால சொன்னா ஆவாது" என்றார் புருஷோத்தமன். "காலையில ஆளுங்க போவணும். எழுதிக் குடு. உனக்குத்தான் எழுத வருமே."

"மொதல்ல பேப்பர்."

மேஜை டிராயரிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து என் பக்கம் தள்ளினார். மார்க் ஷீட் இருந்தது. டி.சி. இருந்தது. யுவராணி என்கிற பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, கவரை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன். விரல்களில் ரத்தம் காய்ந்து வெடித்திருந்தது. பேனா வழுக்கியது.

புது மணல் திட்டுக்குப் பின்னால், மேற்குப் பக்கம், என்று எழுதினேன். அடுத்த வார்த்தைக்கு வந்ததும் நிறுத்தினேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். முதலில் கொம்பு. அதற்குப் பிறகு ம. அதற்குப் பிறகு டு.

அவர் தாளை விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்தார். "மேடா?"

"மேடுதான்."

நோட்டைப் புரட்டி, என் பெயருக்கு எதிரே இருந்த நான்காயிரத்து நானூற்று இருபதின் மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் 'பாக்கி இல்லை' என்று எழுதினார். நான் நோட்டை என் பக்கம் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தேன்.